கறுப்புப் பெயர் வில்லை அணிந்த இருவர்: மார்மன் மிஷனரிகளைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புப் பெயர் வில்லை. இருபது வயதை ஒட்டிய இருவர் சப்போரோவிலோ அக்ராவிலோ லா பாஸிலோ ஒரு தெருவில் நடந்து வருகிறார்கள். அந்தத் தெருவில் இருப்பவர்கள் அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒவ்வொருவரிடமும் ஒரு செய்தி இருக்கும். நாமும் விதிவிலக்கல்ல. வெளிநாட்டு உறவினர் சொன்னது, எப்போதோ பார்த்த தொலைக்காட்சித் தொடர், பழைய துப்பறியும் நாவல் என்று கிடைத்ததையெல்லாம் கோத்து வைத்துக்கொண்டு, அதையே அறிவு என்று நம்புகிறோம்.

இக்கட்டுரை அவர்களுடைய சமயக் கொள்கைக்கு வக்காலத்து வாங்குவதற்காக எழுதப்படவில்லை. ஒரு சமயத்தை ஏற்க மறுக்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. அதைப் பின்பற்றும் பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி இல்லாததைச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆகவே, நெடுநாளாக உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. “வீடு வீடாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம்தான்.”

இல்லை. மார்மன்கள் என்று உலகம் அழைப்பவர்களின் சபை, 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. அதன் தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் உள்ளது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப்பெயர். பட்டப்பெயரைத் தவிர்த்து முழுப்பெயரால் அழைக்குமாறு 2018இல் அதன் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். வாசகருக்குப் பழகிய சொல் என்பதால் மட்டுமே இங்கே ‘மார்மன்’ என்று எழுதுகிறேன். யெகோவாவின் சாட்சிகள் வேறு இயக்கம். குதிரை வண்டியில் செல்லும் ஆமிஷ் மக்கள் இன்னொரு மரபினர். கதவைத் தட்டும் வழக்கம் மார்மன்களுக்கும் யெகோவாவின் சாட்சிகளுக்கும் பொதுவாக இருப்பதால் குழப்பம் நீடிக்கிறது. இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுப்பவர்கள் யெகோவாவின் சாட்சிகள். மார்மன்களுக்கு அப்படி ஒரு தடை கிடையாது. விபத்தில் சிக்கிய ஒருவரின் படுக்கையருகே நின்று இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. “பல மனைவியர் உள்ளவர்கள், பெண் தேடித்தான் ஊர் ஊராக வருகிறார்கள்.”

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்மன்களிடையே பலதார மணம் இருந்தது உண்மை. 1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அதைக் கைவிடுவதாக அறிக்கை வெளியிட்டார். 1904இல் வந்த இரண்டாம் அறிக்கை, மீறுவோர் சபையிலிருந்து நீக்கப்படுவர் என்று கண்டிப்பாகக் கூறியது. அதற்குப் பிறகும் அவ்வழக்கத்தைத் தொடர்பவை பிரிந்துபோன சிறு குழுக்கள். அவற்றைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் பழி தாய்ச்சபையின் மேல் விழுகிறது. கதையுலகமும் துணைபோனது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய, 1887இல் வெளிவந்த நாவலில், மார்மன்கள் பெண்ணை வற்புறுத்தி மணக்கும் கொடியவர்களாகவே வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தவர்களுக்குப் புனைவு வரலாறாகிவிட்டது. இன்றைய மிஷனரியின் நிலை என்ன? பணிக்காலம் முழுவதும் காதல், ‘டேட்டிங்’ எதற்கும் அனுமதி இல்லை. எதிர்பாலினத்தவர் ஒருவரோடு தனியாக இருக்கவும் கூடாது. வெளிநாட்டில் பணிசெய்யும் இளம்பெண் மிஷனரியிடம் “நீ எத்தனையாவது மனைவி?” என்று கேட்டுச் சிரிப்பவர்கள், நூறாண்டுக்கு முன் முடிந்துபோன ஒன்றுக்காக அவளை அவமானப்படுத்துகிறார்கள்.

3. “மாதச் சம்பளம் உண்டு, ஆள் சேர்த்தால் தனியாகப் பணமும் உண்டு.”

இரண்டும் இல்லை. மிஷனரிக்குச் சம்பளம் கிடையாது. அவரோ அவருடைய குடும்பமோதான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளிலிருந்து செல்வோருக்கு மாதம் 400 டாலராக இருந்த தொகை 2020 ஜூலையில் 500 டாலராக உயர்ந்தது. ஆண்களுக்குப் பணிக்காலம் 24 மாதம். கணக்கு 12,000 டாலர். பெண்களுக்கு 18 மாதம், 9,000 டாலர். 1991க்கு முன் அனுப்பப்படும் ஊரின் விலைவாசிக்கேற்பத் தொகை மாறியது; டோக்கியோவுக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பம் திணறியது. அதன் பிறகு எல்லோரும் ஒரே தொகையைப் பொதுநிதியில் செலுத்த, அதிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் தேவையானது பிரித்துத் தரப்படுகிறது. கட்ட இயலாத ஏழை நாட்டு இளைஞர்களுக்குச் சபை உதவுகிறது. காசில்லாமல் ஒருவர் இவ்வளவு அலைவாரா என்ற நம் ஐயத்தில்தான் இந்தப் பிழை வேர்கொண்டிருக்கிறது. பள்ளி நாள்களிலேயே பகுதிநேர வேலை செய்து இதற்காகச் சேமிக்கும் பிள்ளையின் உழைப்பு அந்த ஐயத்தின் கீழ் காணாமல் போகிறது.

4. “பிடித்த நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஊர் சுற்றுகிறார்கள்.”

நாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிஷனரிக்கு இல்லை. விண்ணப்பிப்பது என்றாலே ‘எங்கும் செல்லத் தயார்’ என்பதுதான் பொருள். இடத்தைச் சபையின் பன்னிரு அப்போஸ்தலர் குழுவினர் முடிவு செய்கிறார்கள். பிரேசிலை எண்ணியிருந்தவருக்கு ஜப்பானின் ஹொக்கைடோ வரலாம். பக்கத்து மாநிலமும் வரலாம்.

போன இடத்தில் நாள் எப்படி நகர்கிறது? வழக்கமான அட்டவணைப்படி காலை 6:30க்கு எழுந்திருக்க வேண்டும். அரைமணி நேர உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, தனிப்படிப்பு, இணையோடு படிப்பு, மொழிப்பாடம். பிறகு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணி வரை தெருவும் படிக்கட்டும்தான். 10:30க்கு விளக்கு அணைய வேண்டும். உள்ளூர் வழக்கத்துக்கேற்ப இந்நேரங்களைச் சற்று மாற்றிக்கொள்ளும் நெகிழ்வு 2017இல் வந்தது. ஆனால் உழைப்பு குறையவில்லை. ஹொக்கைடோவின் சப்போரோவில் குளிர்காலத்தில் பனி மூடிய தெருக்களில் சைக்கிள் ஓடாது, நடைதான். திரைப்படம் கிடையாது, கடலருகே இருந்தாலும் நீச்சல் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் ‘பி-டே’ எனப்படும் ஆயத்த நாள். துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு எழுதுவது, ஊரைப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு நாளில் மாலைக்குள் முடிய வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ‘டிரான்ஸ்ஃபர்’ அறிவிப்பு வரும்; இணை மாறலாம், ஊரும் மாறலாம். அப்போதுதான் பழகிய முகங்களை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும்.

ஆபத்தும் உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி, 1966 முதல் 1968 வரை பிரான்சில் மிஷனரியாக இருந்தவர். 1968 ஜூனில் அவர் ஓட்டிச்சென்ற காரின் மீது வேறொரு கார் மோதியது. உடன்வந்த மிஷன் தலைவரின் மனைவி உயிரிழந்தார். இதை ஊர் சுற்றல் என்று சொல்ல நமக்கு மனம் வரக்கூடாது. புகைப்படத்தில் கோயில் பின்னணியும் சிரிப்பும் மட்டும் தெரிவதால்தான் இந்த எண்ணம் உண்டாகிறது. வாரத்தின் மற்ற ஆறு நாள்களை யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை.

5. “சில வாரப் பயிற்சியில் எந்த மொழியையும் சரளமாகப் பேசிவிடுகிறார்கள்.”

யூட்டாவின் புரோவோ நகரில் உள்ள பயிற்சி மையம் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்பிக்கிறது. அதன் திறமை உண்மையானது. ஆனால் ஜப்பானியம் போன்ற மொழிக்கு அங்கே கிடைத்து வந்தது சுமார் இரண்டு மாதம். 2020க்குப் பின் அதில் ஒரு பகுதி வீட்டிலிருந்தே இணையவழி நடக்கிறது. இரண்டு மாதத்தில் யாருக்கும் ஒரு மொழி வசப்படாது. தன்னைத் தாழ்த்தியும் எதிரிலிருப்பவரை உயர்த்தியும் பேச வெவ்வேறு வினைச்சொற்கள் உள்ள மொழி ஜப்பானியம். முதல் மாதங்களில் புதியவர் கதவருகே நிற்கையில் மனப்பாடம் செய்த நான்கு வரிகளைச் சொல்லி முடிப்பார். வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வியிலேயே வாயடைத்து இணையின் முகத்தைப் பார்ப்பார்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1901இல் ஜப்பானில் மிஷன் தொடங்கச் சென்றவர் ஹீபர் ஜே. கிராண்ட் என்னும் அப்போஸ்தலர். மொழி அவருக்குக் கடைசிவரை கைகூடவில்லை, இரண்டாண்டில் திரும்பினார். அவரோடு 19 வயதில் சென்ற ஆல்மா டெய்லர் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே தங்கி, பாடுபட்டுக் கற்று, சபையின் மறைநூலான மார்மன் புஸ்தகத்தை ஜப்பானியத்தில் மொழிபெயர்த்தார். அது 1909இல் வெளிவந்தது. முதிர்ந்த அப்போஸ்தலருக்கு வராதது அந்த இளைஞருக்கு வந்ததென்றால், அதற்குக் காரணம் அவர் அங்கே செலவிட்ட ஆண்டுகள். இரண்டாண்டு முடித்துச் சரளமாகப் பேசுபவர்களை மட்டும் நாம் சந்திக்கிறோம். அவர்கள் திக்கிய நாள்களைக் காண்பதில்லை. ‘எல்லோருக்கும் தானாக வந்துவிடும்’ என்ற நம்பிக்கை, வராத பிள்ளையின் மனத்தில் ‘என்னிடம்தான் விசுவாசம் குறைவு’ என்ற குற்றவுணர்வை விதைக்கிறது.

6. “காப்பி கொடுத்தால் மறுக்கிறார்கள்; கர்வம் பிடித்தவர்கள்.”

வந்தவருக்குக் காப்பியோ தேநீரோ கொடுப்பதும் அவர் அதைக் குடிப்பதும் நமக்கு மரியாதையின் அடையாளம், ஜப்பானியருக்கும் அப்படியே. ஆகவே மறுப்பு மனத்தைப் புண்படுத்துவது இயல்பு. மார்மன்கள் 1833இல் வந்த ‘ஞான வார்த்தை’ என்னும் போதனைப்படி மது, புகையிலை, காப்பி, தேநீர் நான்கையும் தொடுவதில்லை. பச்சைத் தேநீரும் அதில் அடங்கும். மறுப்பது பானத்தை; கொடுத்தவரை அல்ல. ஜப்பானியக் குடும்பங்கள் பல இதற்கு எளிய வழி கண்டன: வறுத்த வாற்கோதுமையில் காய்ச்சும் ‘முகிச்சா’வைக் கொடுத்தால் மிஷனரி மகிழ்ச்சியோடு குடிப்பார். “வேறு ஏதாவது குடிக்கிறீர்களா?” என்ற ஒரு கேள்வியால் தீர்ந்துபோகும் மனத்தாங்கலை நாம் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறோம்.

7. “வீட்டோடு பேசவே விடமாட்டார்கள், அது ஒரு சிறை.”

இதில் பழைய உண்மை ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் வீட்டோடு தொடர்பு என்றால் வாராந்தரக் கடிதமோ மின்னஞ்சலோதான். தொலைபேசி அழைப்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். 2019 பிப்ரவரியில் அந்த விதி மாறியது. ஆயத்த நாளன்று வாரந்தோறும் தொலைபேசியிலோ காணொளியிலோ குடும்பத்தோடு பேசலாம். விதி மாறிய செய்தி, பழைய கதை பரவிய வேகத்தில் பரவவில்லை.

உண்மையான கடினம் வேறிடத்தில் இருக்கிறது. மிஷனரி ஒருபோதும் தனியாக இருக்க முடியாது. ‘கம்பானியன்’ எனப்படும் இணை எப்போதும் கண்பார்வையில், காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத, சில நேரம் வேற்று நாட்டவரான, குணத்தில் நேர்மாறான ஒருவரோடு ஒரே அறையில் தூங்கி, ஒரே சமையலைச் சாப்பிட்டு, ஒரே அவமானத்தைப் பங்கிட வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து வெளியே போகவும் வழியில்லை. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். சிறை என்ற மிகைச்சொல்லைப் பிடித்துக்கொள்வதால் இந்த மெய்யான பாரத்தைப் பற்றிப் பேசவே மறந்துவிடுகிறோம்.

8. “இவர்கள் அமெரிக்க உளவாளிகள்.”

மொழி தெரிந்த, ஒழுங்காக உடுத்திய அமெரிக்க இளைஞர்கள் சந்து சந்தாகச் செல்வது ஐயத்தைக் கிளப்பியதில் வியப்பில்லை. பணி முடித்துத் திரும்பியவர்களை மொழியறிவுக்காக அமெரிக்க உளவு நிறுவனங்கள் பின்னாளில் வேலைக்கு எடுப்பதும் உண்டு. ஆனால் பின்னால் கிடைத்த வேலையை வைத்து முன்னால் செய்த பணியைத் தீர்மானிப்பது தர்க்கம் ஆகாது. மிஷனரிகள் எல்லோரும் அமெரிக்கரும் அல்லர். அக்ரா, மணிலா, சாவோ பாலோ நகரங்களிலும் பயிற்சி மையங்கள் உள்ளன. இந்திய இளைஞர்களும் இப்பணி செய்கிறார்கள்.

இந்த வதந்திக்குக் கொடுத்த விலை பெரிது. 1989 மே மாதம் பொலிவியாவின் லா பாஸ் நகரில், ஏகாதிபத்திய எதிர்ப்புப் பேசிய ஆயுதக் குழு ஒன்று இரு அமெரிக்க மிஷனரிகளைச் சுட்டுக் கொன்றது. பிரசங்கம் செய்ய வந்த இரண்டு இளைஞர்கள் ஒரு நாட்டின் அரசியலுக்காக உயிர்விட்டார்கள். அடுத்த மாதமே கானா அரசு சபையின் செயல்பாடுகளுக்குத் தடை விதித்து வெளிநாட்டு மிஷனரிகளை வெளியேற்றியது. 1990 நவம்பரில்தான் தடை நீங்கியது. சமயப் பரப்புரையைச் சட்டத்தால் வரையறுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா என்பது விவாதத்துக்குரியது. 2016இல் ரஷ்யா அப்படிச் சட்டம் இயற்றியபோது சபை கீழ்ப்படிந்தது. அங்கே இருந்தவர்கள் ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் பொதுவெளிப் பிரசங்கத்தை நிறுத்தினார்கள். சட்டம் வேறு, வதந்தி வேறு. சட்டம் எழுத்தில் இருக்கிறது, மாற்றக் கோரலாம். வதந்தியிடம் யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது.

9. “நாளுக்கு ஒருவரையாவது மயக்கி மதம் மாற்றிவிடுவார்கள்.”

மிஷனரியின் அன்றாடம் பெரும்பாலும் மறுப்பால் ஆனது. ஜப்பானில் 1901 முதல் 23 ஆண்டுகள் உழைத்தும் சபையில் சேர்ந்தவர்கள் இருநூறுக்கும் குறைவு. 1924இல் அந்த மிஷனை மூட முடிவெடுத்தவர், அதைத் தொடங்கிய அதே கிராண்ட். அப்போது அவர் சபைத் தலைவர். 1948இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. நம் மண்ணுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் முதலியோர் மதராஸுக்கு வந்து ஏறக்குறைய ஓராண்டு பிரசங்கித்தார்கள். கேட்டுச் சேர்ந்தவர் மிகச் சிலரே. பாலன்டைன் அடுத்த ஆண்டே திரும்பிவிட்டார்.

பிறகு இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? எண்ணிக்கை வெறி பிடித்த காலங்கள் சபையின் வரலாற்றிலேயே உண்டு. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சிறுவர்களைப் பேஸ்பால் விளையாட அழைத்து, விளையாட்டோடு விளையாட்டாக ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் சபைப் பக்கமே வரவில்லை. சபைக்குள்ளேயே அது கண்டிக்கப்பட்டது. இன்றைய விதிப்படி பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவருக்கு ஞானஸ்நானம் கிடையாது. இந்தப் பழைய பிழையை மறைக்கத் தேவையில்லை. அதை இன்று வாசலில் நிற்பவரின் தலையில் கட்டவும் தேவையில்லை. “எங்களுக்கு விருப்பமில்லை” என்று தெளிவாகச் சொன்னால் போதும். நாயை ஏவுவதும் தண்ணீரை வீசுவதும் நம் சமயத்தைக் காப்பாற்றாது. நம் பண்பை மட்டும் இழக்கச் செய்யும்.

10. “எல்லோரும் கட்டாயம் போக வேண்டும், பாதியில் திரும்பியவர் தோற்றவர்.”

மற்ற ஒன்பதும் வெளியிலிருந்து வருபவை. இது அந்தச் சமூகத்துக்கு உள்ளேயே உலவுவது. ஆதலால் எல்லாவற்றிலும் கொடியது. மிஷன் பணி உடல்திறனுள்ள இளைஞர்களின் கடமை என்று சபை போதிக்கிறது. பெண்களுக்கு அது விருப்பம். சட்டக் கட்டாயம் யாருக்கும் இல்லை. 2012 அக்டோபரில் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18ஆகவும் பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைத்தார்கள். பெண்கள் பெருந்திரளாக முன்வந்தார்கள். பள்ளி முடித்த கையோடு, வீட்டை விட்டு ஒருநாளும் தனியே இருந்தறியாத பிள்ளைகளும் கிளம்பினார்கள்.

அவர்களில் சிலருக்கு உடல் ஒத்துழைப்பதில்லை. சிலருக்கு மனம் சோர்ந்துபோகிறது. உறக்கம் வருவதில்லை, பதற்றம் நெஞ்சை அழுத்துகிறது. காலை 6:30க்கு எழுந்து பிறர் கதவைத் தட்ட இயலாத நிலையில் ஒரு பிள்ளை வீட்டுக்குத் திரும்பினால், விமான நிலையத்தில் வரவேற்புப் பதாகை இருப்பதில்லை. ஞாயிறு வழிபாட்டில் “ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய்?” என்ற கேள்விதான் காத்திருக்கிறது. மனநோயை விசுவாசக் குறைவு என்று படிப்பதால் இந்தப் பிழை நீடிக்கிறது. காய்ச்சலுக்குப் பழி சொல்லாதவர்கள் மனச்சோர்வுக்கு மட்டும் பழி சொல்கிறார்கள். இதில் மார்மன்களைக் குறைசொல்ல நமக்குத் தகுதி இல்லை. விடுதியில் இருக்க முடியாமல் படிப்பைப் பாதியில் விட்டுவந்த பிள்ளையை நாம் நடத்தும் விதமும் இதுவே. அந்தச் சபை ஒரு திருத்தம் செய்திருக்கிறது: உடலோ மனமோ இடங்கொடாத இளைஞர்கள் வீட்டிலிருந்தபடியே சேவை மிஷனரிகளாகப் பணிசெய்யும் வாய்ப்பை 2019 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் விரிவாக்கியது. விதி திருந்திவிட்டது. நாக்குகள் திருந்த வேண்டும்.

இந்தப் பத்தும் வெவ்வேறாகத் தெரிந்தாலும் ஒரே பழக்கத்தில் பிறந்தவை. கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை எதிரே நிற்கும் ஆளின் மேல் ஒட்டிவிடும் பழக்கம் அது. உளவாளி என்றோ, மயக்குபவன் என்றோ, தோற்றவன் என்றோ ஒரு பெயரை ஒட்டிவிட்டால் பிறகு அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே வதந்தி வாழ்கிறது. அதன் செலவை மாதம் 500 டாலர் கட்டி, தெரியாத மொழியில் திக்கித் திக்கிப் பேசும் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தலையில் போடுகிறோம்.

நம் வாசலுக்கு அப்படி இருவர் வந்தால், அவர்கள் சொல்வதை நம்ப வேண்டிய கடமை நமக்கு இல்லை. வேண்டாமென்றால் வேண்டாமென்று ஒரு முறை சொல்வோம். சொல்வதற்கு முன் எந்த ஊர், வந்து எத்தனை மாதமாயிற்று என்று கேட்போம். வெயிலில் வந்திருந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுப்போம். அதை அவர்கள் மறுக்க மாட்டார்கள்.